குளிர்காலத்தில் கூரை காட்டும் அறிகுறிகள்: எது எதனால், என்ன செய்வது

ஊரில் கூரை என்றால் மேலேயிருந்து வரும் தண்ணீரைத்தான் யோசிப்போம். மாரி மழைக்கு முன் உடைந்த ஓட்டை மாற்றுவோம். கிடுகுக் கூரை என்றால் புதிதாக வேய்வோம். பீலியில் சேர்ந்த சருகை அள்ளிப் போடுவோம். அதோடு வேலை முடிந்தது. ரொறன்ரோவில் வீடு வாங்கிய முதல் இரண்டு குளிர்காலமும் நான் அதே பழக்கத்தில் கூரையின் மேற்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்காபரோவில் 1960களில் கட்டிய மாடியில்லாத வீடு. முதல் பெப்ரவரியில் முன் அறைச் சீலிங்கின் ஓரத்தால் தண்ணீர் இறங்கியது. கூரை வேலைக்காரர் ஒருவர் வந்து முன்பக்கச் சிங்கிள் (இங்கே ஓட்டுக்குப் பதிலாகக் கூரையில் அடிக்கும் தார்த் தகடு) முழுவதையும் மாற்றினார். அடுத்த பெப்ரவரியில் அதே இடத்தில் மறுபடி தண்ணீர். சிங்கிளில் ஒரு பிழையும் இருக்கவில்லை. குளியலறை விசிறியின் குழாய் அட்டிக்குக்குள், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் இடையில் இருக்கும் வெற்றிடத்துக்குள் வந்து அங்கேயே முடிந்திருந்தது. வீட்டின் சூடும் ஈரமும் நேரே கூரைப் பலகையில் போய் மோதிக்கொண்டிருந்தன.

இந்த நாட்டில் குளிர்காலத்தில் கூரைக்கு வரும் கேட்டில் பெரும்பங்கு கீழேயிருந்து, வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. இது மனதில் பதிய எனக்கு இரண்டு வருடமும் ஒரு கூரைச் செலவும் தேவைப்பட்டன. உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் முதல் இரண்டு பகுதிகளையும் எல்லோரும் வாசியுங்கள்.

## தொடங்கும் முன்: இரண்டு இடத்தில் நின்று பாருங்கள்

முதலில் தெருவில் நில்லுங்கள். இரவு ஐந்து செ.மீ. அளவு மெல்லிய பனி விழுந்திருந்தால், காலையில் வெயில் ஏறுமுன் வெளியே போய் உங்கள் கூரையையும் அக்கம்பக்கத்துக் கூரைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மற்றக் கூரைகள் வெள்ளையாக இருக்க உங்கள் கூரையில் மட்டும் கறுப்புத் திட்டுகள் தெரிந்தால், அந்தத் திட்டுக்கு நேர் கீழேதான் வீட்டுச் சூடு வெளியேறுகிறது. குளியலறைக்கு மேலே, அட்டிக் வாசலுக்கு மேலே, புகைபோக்கியைச் சுற்றி என்று அது இடத்தையே காட்டிக் கொடுக்கும். செலவில்லாத சோதனை, ஆனால் இதைச் செய்பவர்கள் குறைவு. ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது அட்டிக் வாசல். பெரும்பாலும் அலுமாரிக்குள்ளோ நடைபாதைச் சீலிங்கிலோ ஒரு சதுரப் பலகையாக இருக்கும். முகக்கவசம் போட்டு, டோர்ச் லைட்டோடு தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்தாலே முக்கால்வாசி விடயம் தெரிந்துவிடும். உள்ளே ஏற வேண்டி வந்தால் மரச் சட்டங்களில் மட்டும் கால் வையுங்கள். இடையில் இருப்பது சீலிங்குக்கு அடித்த மெல்லிய ட்ரைவால் பலகை, ஆள் பாரம் தாங்காது.

ஒரு எச்சரிக்கை. 1990க்கு முன் கட்டிய வீட்டில், சின்னக் கூழாங்கல் போல, அடுக்கடுக்காக மினுங்கும் பழுப்பு அல்லது சாம்பல் நிறத் துகள்கள் பரவியிருந்தால் அது, சூடு வெளியேறாமல் இருக்க அந்தக் காலத்தில் கொட்டிய வெர்மிக்குலைட்டாக இருக்கலாம். அதில் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. கிளறாமல், தொடாமல் மூடிவிட்டு, சோதனைக்கு ஆள் கூப்பிடுங்கள். அது முடியும் வரை அட்டிக் வேலை எதுவும் வேண்டாம்.

குளிர்காலத்தில் கூரைக்கு மேலே ஏறவே ஏறாதீர்கள். கீழே சொல்லும் எல்லாவற்றையும் நிலத்தில் நின்றோ வீட்டுக்குள்ளிருந்தோ செய்யலாம். மிச்சத்துக்குப் பாதுகாப்புக் கயிறு கட்டி வேலை செய்யப் பழகிய ஆள் வேண்டும்.

## பெரும்பனிக்குப் பிறகு கதவு இறுகுகிறது, சுவரில் புது வெடிப்பு

இது அவசரம். கூரையில் பாரம் ஏறி, சட்டங்கள் வளையத் தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம். நேற்று வரை சரியாக மூடிய உள்கதவு இன்று சட்டத்தில் உரசுகிறது, கதவு மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடுகிறது, சீலிங் தொய்ந்து தெரிகிறது, மரம் நெரிபடும் சத்தம் விட்டு விட்டுக் கேட்கிறது. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். வெளியே வந்த பிறகு 911ஐ அழைக்கலாம்.

பனியின் உயரத்தை மட்டும் வைத்துப் பாரத்தைக் கணக்கிட முடியாது. புதிதாக விழுந்த பஞ்சுப் பனி 30 செ.மீ. கிடந்தால் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 30 கிலோ. அதே உயரம் நனைந்து இறுகிக் கிடந்தால் 100 கிலோவையும் தாண்டும். பனியின் மேல் மழை பெய்த நாள்தான் அஞ்ச வேண்டிய நாள். சரிவான சிங்கிள் கூரைகள் பொதுவாகத் தாங்கும். தட்டைக் கூரையும், கராஜ், பின்வளவில் கட்டிய பந்தல், கார் நிறுத்தும் கொட்டகை போன்றவையும்தான் முதலில் தளரும். உயரமான கூரையிலிருந்து பனி சரிந்து தாழ்ந்த கூரையில் குவியும் இடத்தையும் கவனியுங்கள்.

அறிகுறி எதுவும் இல்லை, பாரத்தைக் குறைத்தால் போதும் என்றால் நீண்ட பிடியுள்ள கூரைப் பனிவாரி வாங்கி, நிலத்தில் நின்று ஓரத்துப் பனியை இழுத்து விடலாம். சிங்கிள் தெரியும் வரை சுரண்டாமல் நாலைந்து செ.மீ. விட்டுவிடுங்கள். அலுமினியப் பிடி என்றால் மின்கம்பி போகும் பக்கத்தில் வேண்டாம். இழுத்த பனி எரிவாயு மீற்றரின் மேலோ, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸிலிருந்து பக்கச் சுவரால் வெளியே வரும் குழாய்களின் முன்னோ குவியக் கூடாது. அந்தக் குழாய் அடைபட்டால் ஃபர்னஸ் நின்றுவிடும், அல்லது நச்சுப் புகை உள்ளே திரும்பும். எரிவாயுச் சாதனம் உள்ள வீட்டில் படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் சட்டம். அதன் பட்டனை அழுத்தி, சத்தம் வருகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

## கூரை ஓரத்தில் தடித்த ஐஸ், பெரிய பனிக்கட்டி ஊசிகள், வெளிச்சுவர்ப் பக்கச் சீலிங்கில் தண்ணீர்

ஐஸ் அணை என்று சொல்வது இதைத்தான். எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான்.

வீட்டுச் சூடு அட்டிக்குக்குள் ஏறிக் கூரைப் பலகையைச் சூடாக்கும். மேலே கிடக்கும் பனி அடியிலிருந்து உருகும். உருகிய தண்ணீர் சிங்கிளின் மேலால் கீழே வழியும். கூரையின் கடைசி ஒன்றிரண்டு அடி வெளிச்சுவருக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே கீழே சூடு இல்லை. வந்த தண்ணீர் அந்த இடத்தில் உறைந்துவிடும். நாளுக்கு நாள் அது வரம்பு போல உயரும். பின்னால் வரும் தண்ணீர் வரம்பில் தேங்கி, சிங்கிளுக்கு அடியால் மேல்நோக்கி ஏறும். சிங்கிள், வழிந்தோடும் தண்ணீரைத் தடுக்கச் செய்தது. வயலில் நிற்பது போல் நிற்கும் தண்ணீரை அது தடுக்காது. ஆகவே நேற்றுப் போட்ட புதுச் சிங்கிள் என்றாலும் ஒழுகும்.

வெயில் நாளில் பீலியில் விரல் அளவு ஊசிகள் வரிசையாகத் தொங்குவது சாதாரணம், கவலை வேண்டாம். கை மொத்த ஊசிகள், பீலிக்கு மேலே ஓரமெங்கும் தடித்த ஐஸ், மேலே பனியே இல்லாத கறுப்புக் கூரை என்று மூன்றும் சேர்ந்தால்தான் அணை. ஊசி, கூரை ஓரத்தின் அடிப்பக்கத்தை மூடும் சொஃபிட்டின் துளைகளால் வெளியே வருகிறது என்றால் தண்ணீர் ஏற்கனவே உள்ளே போய்விட்டது.

தண்ணீர் இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறதா? சீலிங்கில் விளக்கு இருக்கும் பக்கம் என்றால் முதலில் அந்த அறையின் பிரேக்கரை நிறுத்துங்கள். சீலிங் பெயின்ட் பலூன் போல வீங்கியிருந்தால், கீழே வாளி வைத்து, வீக்கத்தின் நடுவில் ஸ்க்ரூ டிரைவரால் சின்னத் துளை போடுங்கள். விட்டால் தண்ணீர் பரவி முழுப் பலகையும் விழும். பிறகு வெளியே போய்ப் பனிவாரியால் ஓரத்திலிருந்து மேல்நோக்கிக் குறைந்தது மூன்று நான்கு அடி வரை கிடக்கும் பனியை இழுத்து விடுங்கள். உருக மிச்சம் பனி இல்லையென்றால் புதுத் தண்ணீரும் இல்லை.

இனி ஐஸ். சுத்தியலாலும் கோடரியாலும் கொத்தாதீர்கள். குளிரில் சிங்கிள் பிஸ்கட் போல உடையும். எரிவாயுச் சுடரைக் காட்டுவது வீட்டுக்கே தீ வைக்கும் வேலை. படிக்குப் போடும் சாதாரண உப்பும் வேண்டாம். அது மைனஸ் 10 பாகைக்குக் கீழே பெரிதாக வேலை செய்யாது, பீலியையும் ஆணிகளையும் கீழே நிற்கும் செடிகளையும் கெடுக்கும். கல்சியம் குளோரைட் என்று கேட்டு வாங்கி, பழைய நைலோன் காலுறையில் நிரப்பி, அணைக்குக் குறுக்காக, நுனி பீலிக்கு வெளியே தொங்கும்படி வைக்கலாம். அது உருக்கும் கோடு வழியே தேங்கிய தண்ணீர் வடியும். ஏணி இல்லாமல் எட்டும் தாழ்ந்த கூரைக்கு மட்டும் இது சரி. உயரம் என்றால் நீராவி அடித்து ஐஸை உருக்கும் தொழிலாளர்களைக் கூப்பிடுங்கள். செலவு கூடத்தான். ஆனால் சிங்கிள் தப்பும்.

நிரந்தரத் தீர்வு அட்டிக்குக்குள் இருக்கிறது. வரிசை முக்கியம்: முதலில் ஓட்டைகளை அடைப்பது, பிறகு சூடு போகாமல் தடுக்கும் இன்சுலேசன், பிறகு காற்றோட்டம். பலர் இரண்டாவதிலிருந்து தொடங்குவார்கள். இன்சுலேசன் கம்பளி போன்றது. காற்று அதனூடாகப் போய்வரும். கீழே ஓட்டை இருக்க மேலே கம்பளி போர்த்தினால் சூடு போய்க்கொண்டேதான் இருக்கும்.

ஓட்டை எங்கெல்லாம்? சீலிங் விளக்குப் பெட்டிகள், சுவருக்குள்ளிருந்து மேலே வரும் வயர்த் துளைகள், கழிவுக்குழாய் ஏறும் இடம், குளியலறை விசிறியைச் சுற்றி, அட்டிக் வாசலின் ஓரம். வயர், குழாய்த் துளைகளை நுரை அடைப்பானால் அடைக்கலாம். புகைபோக்கியைச் சுற்றி மட்டும் நுரை கூடாது. அங்கே தகரமும் தீ தாங்கும் அடைப்பானும்தான். பழைய குழி விளக்குகளைச் சுற்றி இன்சுலேசன் குவிப்பதும் தீ ஆபத்து. இன்சுலேசன் தொடலாம் என்று குறித்த வகையா என்று பார்த்து, இல்லையென்றால் மாற்றுங்கள். அட்டிக் வாசலை எல்லோரும் மறப்பார்கள். அதன் முதுகில் நுரைப் பலகை ஒட்டி, விளிம்பில் ரப்பர் பட்டி போட்டால் அரைநாள் வேலை, பலன் பெரிது.

இன்சுலேசன் எவ்வளவு? இப்போது ஒன்ராறியோவில் கட்டும் வீடுகளுக்கும், பழைய வீட்டைத் திருத்துபவர்களுக்கும், இன்சுலேசன் சூட்டைத் தடுக்கும் திறனின் அளவான ஆர் எண்ணில் 60தான் வழக்கமான இலக்கு. ஊதி நிரப்பும் செல்லுலோஸ் என்றால் ஏறத்தாழ 16, 17 அங்குலம். ஊதும் கண்ணாடிநார் என்றால் 22 அங்குலம் வரை வேண்டும். ஐம்பது அறுபது வருட வீடுகளில் ஐந்தாறு அங்குலம்தான் கிடக்கும். மரச் சட்டத்தின் மேல்விளிம்பு வெளியே தெரிந்தால் அது போதாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்றோட்டம் என்பது சொஃபிட்டால் குளிர்க்காற்று உள்ளே வந்து, முகட்டுப் பக்கம் வெளியே போவது. கூரைப் பலகை வெளிக்குளிர் அளவுக்கே குளிர்ந்திருந்தால் பனி உருகாது. கட்டட விதி கேட்பது சீலிங் பரப்பில் 300இல் ஒரு பங்கு திறப்பு. அதில் குறைந்தது கால்வாசி மேலேயும் கால்வாசி கீழேயும் இருக்க வேண்டும். இன்சுலேசன் ஊதும்போது ஓரம்வரை அடைந்து சொஃபிட் வழியை மூடிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ஒவ்வொரு சட்ட இடைவெளியிலும் காற்றுவழித் தட்டு வைத்து, கூரைப் பலகைக்கும் இன்சுலேசனுக்கும் இடையே 63 மி.மீ. விட வேண்டும். வேலை முடிந்ததும் டோர்ச் அடித்து நீங்களே பாருங்கள். பகலில் ஓரங்களில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் வழி திறந்திருக்கிறது.

சிங்கிள் மாற்றும் காலம் வரும்போது ஓரத்துக்கு ஒட்டும் நீர்த்தடைப் படலம் கட்டாயம். விதிப்படி அது ஓரத்திலிருந்து குறைந்தது 900 மி.மீ. மேலே ஏறி, வெளிச்சுவரின் உள்முகத்தைத் தாண்டி 300 மி.மீ. வரை போக வேண்டும். சரிவு குறைந்த கூரைக்கு நான் இரட்டிப்பாகவே போடச் சொல்வேன். சூட்டுக் கேபிள் பற்றியும் கேட்பீர்கள். பீலிக்கு மேலே வளைத்து வளைத்துப் போடும் அது தண்ணீருக்கு ஒரு வாய்க்கால் திறக்கும், அவ்வளவுதான். மின்கட்டணம் ஓடும், காரணம் அப்படியே இருக்கும்.

## மழையும் இல்லை, உருகும் பனியும் இல்லை, ஆனால் சீலிங்கில் பல இடத்தில் துளித்துளியாகக் கறை

இதை நாளை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஒரு கிழமை மைனஸ் 15, மைனஸ் 20 என்று கடுங்குளிர். பிறகு ஒரு நாள் சட்டென்று சூடாகிறது. அன்றைக்குச் சீலிங் சொட்டுகிறது. கூரையில் ஓட்டை இல்லை. அட்டிக்குக்குள்ளேயே உறைபனி பிடித்து, இப்போது உருகுகிறது.

கடுங்குளிர் நாளில் அட்டிக்கைத் திறந்து பலகையின் அடிப்பக்கம் டோர்ச் அடியுங்கள். கூரை ஆணிகளின் நுனிகள் வெள்ளைத் தொப்பி போட்டது போல் நிற்கும், பலகையே உப்புப் பூத்தது போல் இருக்கும். கீழேயிருந்து போன ஈரக்காற்று அங்கே உறைந்திருக்கிறது. வருடக்கணக்கில் விட்டால் பலகை கறுத்துப் பூஞ்சை பிடித்து உளுத்துவிடும்.

எங்கள் வீடுகளில் ஈரம் அதிகம் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு தலைமுறை ஒரே வீட்டில், பேஸ்மென்டில் இன்னொரு குடும்பம், காலையில் இடியப்பமோ புட்டோ அவியும், மத்தியானம் சோறு, மாலையில் இறைச்சிக் கறி. குளிர்காலத்தில் உடுப்பும் பேஸ்மென்டில் கயிற்றில் காயும். அதெல்லாம் நம் வாழ்க்கை, விடச் சொல்லவில்லை. ஈரத்துக்கு வெளியே போக வழி கொடுத்தால் போதும். அவிக்கத் தொடங்கும்போதே அடுப்பு விசிறியைப் போட்டு, இறக்கிய பிறகு கால்மணி நேரம் ஓட விடுங்கள். அந்த விசிறி வெளியே தள்ளுகிறதா, வடிகட்டியால் திருப்பிக் குசினிக்குள்ளேயே விடுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகை ஈரத்துக்கு உதவாது.

கடையில் மலிவான ஈரமானி ஒன்று வாங்கிக் குசினிக்கு வெளியே வையுங்கள். குளிர்காலத்தில் 30 முதல் 40 சதவீதம் நல்லது. வெளியே மைனஸ் 20 என்றால் 30க்குக் கீழே இறக்குங்கள். கருவி இல்லாவிட்டால் யன்னலே கருவி. கண்ணாடியில் காலையில் தண்ணீர் வழிந்தால் ஈரம் கூட. அப்படியான வீட்டில் ஃபர்னஸோடு பொருத்திய ஈரப்பதனாக்கி ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள்.

பிறகு குளியலறை விசிறி. அட்டிக்குக்குள் ஏறி அதன் குழாய் எங்கே முடிகிறது என்று கண்ணால் பாருங்கள். இன்சுலேசனின் மேல் சும்மா கிடக்கலாம், சொஃபிட்டைப் பார்த்து நீட்டியிருக்கலாம். இரண்டும் பிழை. சொஃபிட்டுக்கு அருகே விட்ட ஈரக்காற்றைச் சொஃபிட்டே திரும்ப உள்ளே இழுக்கும். இன்சுலேசன் சுற்றிய குழாயாகக் கூரைக்கோ பக்கச் சுவருக்கோ கொண்டுபோய், அங்கே மூடியோடு வெளியே விட வேண்டும். விசிறியிலிருந்தே தண்ணீர் சொட்டுகிறது என்று பயந்து வருபவர்களின் வீட்டில் அநேகமாக இந்தக் குழாய் வெறுங்குழாயாகக் குளிரில் கிடக்கும். உள்ளே ஈரம் குளிர்ந்து திரும்பி வழிகிறது.

ஒன்றைச் செய்யாதீர்கள். அட்டிக்கில் ஈரம் என்றதும் மின்விசிறி வைத்து இழுத்து வெளியேற்றலாம் என்று சொல்வார்கள். சீலிங்கில் ஓட்டை இருக்கும்வரை அந்த விசிறி வீட்டுக்குள்ளிருக்கும் சூட்டையும் ஈரத்தையும்தான் இன்னும் வேகமாக மேலே இழுக்கும்.

கறைக்குப் பெயின்ட் அடிப்பது வசந்தத்தில், எல்லாம் காய்ந்த பிறகு.

## ஒரே இடத்தில் மட்டும் கறை, காற்றோடு மழை வரும் நாளில் பெரிதாகிறது

இது ஊரில் நமக்குப் பழகிய ஒழுக்கு. மேலேதான் பிழை. இலையுதிர் காலத்து மழைக்கும் ஒழுகியதா என்று நினைத்துப் பாருங்கள். ஒழுகியிருந்தால் ஐஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

சந்தேகிக்க வேண்டிய இடங்கள் குறைவுதான்: புகைபோக்கி அடியில் மூட்டை மூடும் தகரமான ஃபிளாஷிங், கழிவுக்குழாய்க்குள் காற்று விடும் கழிவுக் காற்றுக்குழாய் கூரையைத் துளைக்கும் இடத்து ரப்பர்க் கழுத்து, இரண்டு சரிவுகள் சேரும் பள்ளம், கூரை சுவரைத் தொடும் மூலை. ரப்பர்க் கழுத்து சிங்கிளுக்கு முன்னமே வெயிலில் வெடித்துவிடும். நிலத்திலிருந்து கைபேசிக் கமெராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே வெடிப்பு தெரியும். தண்ணீர் பலகையில் வழிந்து பல அடி தள்ளித்தான் சொட்டும். அதனால் கறைக்கு நேர் மேலே தேடாமல், அங்கிருந்து சரிவில் மேல்நோக்கித் தேடுங்கள்.

## நடுச்சாமத்தில் கூரையில் வெடிச்சத்தம்

கடுங்குளிர் இரவில் துவக்கு வெடித்தது போல ஒரு சத்தம். இங்கே வந்த புதிதில் அதைக் கேட்டுப் படுக்கையை விட்டு எழுந்து நின்றவர்கள் எங்களில் பலர். ஏன் எழுந்தோம் என்று நான் சொல்லத் தேவையில்லை. மரமும் ஆணியும் வெப்பநிலை சட்டென்று விழும்போது சுருங்கி, பிடி நழுவும் சத்தம் அது. கூரைக்குக் கேடில்லை. பெற்றோர் புதிதாக வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

## குளிர்காலத்தில் மட்டும் உள்சுவருக்கும் சீலிங்குக்கும் இடையே இடைவெளி

கோடையில் மூடிவிடுகிறதா? அப்படியென்றால் வீடு இறங்கவில்லை. தொழிற்சாலையில் செய்த முக்கோணக் கூரைச் சட்டமான ட்ரஸ் வைத்துக் கட்டிய வீடுகளில் இது வரும். ட்ரஸ்ஸின் கீழ்ச்சட்டம் இன்சுலேசனுக்குள் புதைந்து சூடாக, உலர்ந்து இருக்கும். மேற்சட்டங்கள் குளிரில் ஈரம் உறிஞ்சிச் சற்று நீளும். முழுச் சட்டமும் வில் போல் மேலே வளைந்து சீலிங்கைத் தூக்கும். பூசி மூடினால் அடுத்த வருடம் மறுபடி வெடிக்கும். அலங்காரப் பட்டி ஒன்றைச் சுவரில் அடிக்காமல் சீலிங்கோடு மட்டும் சேர்த்து அடித்தால், அது சீலிங்கோடு ஏறி இறங்கி இடைவெளியை மறைக்கும். கோடையிலும் மூடாத, வருடா வருடம் அகலும் வெடிப்பு வேறு கதை. அதைக் கட்டுமானப் பொறியாளர் பார்க்க வேண்டும்.

## கழுவுதொட்டி குமிழியிடுகிறது, வீட்டுக்குள் சாக்கடை நாற்றம்

குழாய் அடைப்பு என்று நினைப்போம். மைனஸ் 20 நாட்களில் மட்டும் வந்தால் அண்ணாந்து கூரையைப் பாருங்கள். கழிவுக் காற்றுக்குழாயின் வாயில் உறைபனி பூத்து மூடியிருக்கும். காற்று வராததால் வடியும் தண்ணீர், தொட்டிக்குக் கீழே உள்ள சைஃபன் வளைவில் நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போகும், நாற்றம் உள்ளே வரும். இப்போதைக்கு எல்லாக் கழுவுதொட்டிகளிலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வளைவை நிரப்புங்கள். சூடான குளியல் ஒன்று சில நேரம் அந்தப் பூவை உருக்கிவிடும். கோடையில் அட்டிக்குக்குள் போகும் குழாய்த் துண்டுக்கு இன்சுலேசன் சுற்றுவதும், கூரைக்கு வெளியே வரும் பகுதியை அகலமாக்குவதும் தீர்வு.

## பீலி தொங்குகிறது, நடைபாதையில் ஐஸ்

மேப்பிள் இலை கடைசியாக விழும்வரை பொறுத்து நவம்பர் இறுதியில் பீலி துப்புரவாக்குங்கள். ஒக்டோபரில் செய்தால் மறுபடி நிரம்பும். இலை நிறைந்த பீலியில் தண்ணீர் நின்று உறைந்து, அந்தப் பாரத்தில் ஆணி கழன்று முழுப் பீலியும் முன்னால் சாயும். நீண்ட ஆணியில் தொங்கும் பழைய பீலியானால், உள்ளே மறைத்துப் பொருத்தும் கொக்கிகளை ஸ்க்ரூ போட்டு மாற்றுவது நல்லது. பத்தடிக்குக் கால் அங்குலம் சரிவு போதும்.

இறங்கு குழாயை நிலத்தடி வடிகாலோடு இணைத்து வைக்கக் கூடாது என்று ரொறன்ரோ நகரசபை 2007இல் துணைவிதி கொண்டுவந்தது. கட்டம் கட்டமாக வந்து 2016 டிசம்பரில் நகரம் முழுவதற்கும் பொருந்தியது. ஆகவே தண்ணீர் உங்கள் வளவுக்குள்தான் விழும். அது எங்கே விழுகிறது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். அத்திவாரத்திலிருந்து ஆறடி தள்ளி, புல்லின் பக்கம் நீட்டி விடுங்கள். தபால்காரரும் அம்மம்மாவும் நடக்கும் பாதைக்குக் குறுக்கே விட்டால் விடிய அது கண்ணாடி.

2013 டிசம்பர் 21, 22இல் வந்த ஐஸ் புயலைக் கண்டவர்களுக்குக் கிளை முறியும் சத்தம் மறக்காது. கூரைக்கு மேல் நீட்டி நிற்கும் காய்ந்த கிளைகளை இலையுதிர் காலத்தில் எடுத்துவிடுங்கள். 30 செ.மீ. அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள மரத்தை வெட்ட நகரசபை அனுமதி வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

## வளவில் சிங்கிள் துண்டு கிடக்கிறது

ஒன்றிரண்டு துண்டென்றால், அட்டிக்கில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒரு உலர்ந்த நாளுக்கு ஆள் ஒழுங்கு செய்யுங்கள். சிங்கிளின் அடியில் உள்ள ஒட்டுப் பட்டி வெயில் சூட்டில்தான் பிடிக்கும். 5 பாகைக்குக் கீழே அது தானாக ஒட்டாது. குளிர்காலத்தில் திருத்துபவர் ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் கையால் கூரைச் சீமெந்துப் பசை வைக்க வேண்டும். வைப்பீர்களா என்று முன்னமே கேளுங்கள். முழுக் கூரையும் மாற்ற வேண்டிய நிலை என்றால் இயன்றவரை மே முதல் ஒக்டோபருக்குள் செய்யுங்கள். பீலியில் கருமணல் போலத் துகள் சேர்வதும், சிங்கிளின் மூலைகள் மேலே சுருள்வதும் அந்த நிலை கிட்டிவிட்டதைச் சொல்லும்.

ஆளைக் கூப்பிடும்போது காப்புறுதிப் பத்திரமும், ஒன்ராறியோவின் வேலையிடப் பாதுகாப்பு, காப்புறுதிச் சபையான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யின் அனுமதிச் சான்றும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். உங்கள் கூரையிலிருந்து ஒருவர் விழுந்தால் அவருடைய குடும்பத்துக்கும் அந்தத் தாள்தான் துணை. தெரிந்தவரின் தெரிந்தவர் என்று வருபவரிடமும் கேளுங்கள். முன்னும் பின்னும் திகதியோடு படம் எடுத்து வையுங்கள். வீட்டுக் காப்புறுதி திடீர்ச் சேதத்தைப் பார்க்கும் கண்ணால் நாட்பட்ட ஒழுக்கைப் பார்க்காது.

விலை சொல்ல வருபவரிடம் நான் இப்போது முதலில் கேட்பது ஒன்றே: "அண்ணை, அட்டிக்குக்குள்ள ஏறிப் பார்த்தனீங்களா?" பார்க்காமலே சிங்கிள் விலை சொல்பவரை அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன்.